அருவியில் போன செருப்பும் தையில் வரும் பிராசஸரும்

பாளையங்கோட்டையில் ஒரு ரொட்டிக் கடை மாடியில் மெஹருன்னிசா அனிமேஷன் சொல்லிக்கொடுத்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் பிரமநாயகம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் யார் குரு, யார் சிஷ்யன் என்பது ரொட்டிக் கடைக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பிரமநாயகம் ஒரே ஒரு படம் எடுக்கத்தான் சேர்ந்தார். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் போனபோது, மனைவி பகவதியின் செருப்பு ஒன்றை அருவி அடித்துக்கொண்டு போய்விட்டது. "அது எங்க போயிருக்கும்?" என்று அந்த அம்மாள் இன்றுவரை கேட்கிறாள். சிற்றாற்றில் மிதந்து, தாமிரபரணியில் சேர்ந்து, கடலுக்குப் போகிற செருப்பு. அவ்வளவுதான் படம்.

அதுதான் முடிந்தபாடில்லை. அவர் தன் பழைய கம்ப்யூட்டரையே வகுப்பில் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை அருவி வரையச் சொன்னால் பாதியில் சூடேறி நின்றுவிடும். புது பிராசஸர் போட வேண்டும். சித்திரையில் ஒன்று வந்தது. ஆவணியில் இதைவிட நல்லது வருகிறது என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். ஆவணியில் வந்ததற்குப் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். பொறுங்கள், அடுத்தது வந்தால் இது விலை குறையும் என்றார் மருமகன். அடுத்த பஸ் காலியாக வரும் என்று ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுக்கொண்டு நிற்பார்களே, அந்த ரகம் நம் பிரமநாயகம்.

அன்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"டீச்சர், தையில புதுசு வருதாம். இப்ப இருக்கதை வாங்கவா, பொறுக்கவா? நீங்க சொன்னா சரி."

"எதுக்கு அண்ணாச்சி புதுசு?"

"தண்ணி துளித்துளியாத் தெரியணும்லா."

அதற்குள் போன் அடித்தது. பகவதிதான். மனிதர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஏங்க, என் செருப்பு கடலுக்குப் போய்ச் சேந்துட்டா?"

"பார்க்கலாம் பகவதி. தை பிறக்கட்டும்."

"நீங்க பார்க்கலாம். நான் பார்க்கண்டாமா?" சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னைக்கு அரிசியில கல் பொறுக்க உக்காந்தேன். கல்லும் தெரியல, அரிசியும் தெரியல. எல்லாம் ஒரே மங்கல். மத்தியானம் பல்லைப் பத்திரமாப் பார்த்துக்கிடுங்க."

வைத்துவிட்டாள். பிரமநாயகம் சிரிக்கவில்லை.

"அக்காவுக்குக் கண்ணுல என்ன?"

"சர்க்கரை. உள்ள ரத்தம் கசியுதாம். ஊசி போட்டாச்சு, லேசரும் வச்சாச்சு. இனி இருக்க பார்வையைக் கொஞ்ச நாள் காப்பாத்தலாம், எவ்வளவு நாள்னு கேக்காதீங்கன்னுட்டார் டாக்டர்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, அண்ணாச்சி."

"வெளிய சொன்னா நெசமாயிருமோன்னு பயம் டீச்சர்."

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருடைய படத்தைத் திறந்தாள். அருவியின் துளிகளை எல்லாம் அழித்தாள்.

"ஐயையோ!" என்றார் பிரமநாயகம்.

நுரை போனது. பாறையும் பாசியும் போயின. மாதக்கணக்கில் அவர் உட்கார்ந்து இழைத்த தண்ணீர் முழுக்கப் போய், கருநீலமாக ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. அதன்மேல் செருப்பைப் பாதித் திரைக்குப் பெரிதாக்கினாள்.

"டீச்சர், சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரில்லா இருக்கு!"

"அக்காவுக்கு இப்ப எந்தக் கலர் நல்லாத் தெரியுது?"

யோசித்தார். "மஞ்சள். வாழைப்பழத்தை மட்டும் தடவாம எடுப்பா."

"அப்போ செருப்புக்கு மஞ்சள் போடுங்க."

"அது அரக்குச் செருப்பு டீச்சர். தண்ணியும் இப்படி இருந்தா..."

"துளி யாருக்குத் தெரியணும், அண்ணாச்சி?"

அவர் மவுஸை வாங்கி மஞ்சள் போட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடச் சூடேறவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் படம் முடிந்துவிட்டது.

மறுநாள் அவர் படியேறி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பார்த்தாங்களா?"

"பார்த்தா டீச்சர்." சொல்லும்போதே அழுதுவிட்டார். "மூக்கு டிவியில முட்டுத மாதிரி நின்னா. 'ஏ, போகுது பாருங்க, போகுது பாருங்க'ன்னு கையைத் தட்டுதா. முடிஞ்சதும் ஒரே சண்டை. 'என் செருப்பு அரக்குலா, மஞ்சச் செருப்பு எவளுக்கு வாங்கிக் கொடுத்தீங்க'ன்னு."

மெஹருன்னிசா சிரித்தாள்.

"பிறகு ராத்திரி படுக்கும்போது, 'எதுக்கு மஞ்சள்னு எனக்குத் தெரியும்'னா."

அவர் தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இப்ப இன்னொரு செருப்பு எங்க போச்சுன்னு கேக்கா டீச்சர். அன்னைக்குத் திரும்பி வரும்போது, ஒத்தைச் செருப்பை வச்சு என்ன செய்யன்னு பஸ் ஜன்னல் வழியா அவளேதான் வீசினா. அதையும் காட்டணுமாம். மஞ்சள் தெரியும்போதே காட்டணுமாம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பழக்க தோஷம், வாய் நிற்கவில்லை.

"டீச்சர், இதுல பஸ்ஸு, ரோடு, மரம்னு நிறைய வரும். இதுக்காவது புது பிராசஸர் வாங்கிரவா? இல்ல, தை வரைக்கும் பொறுத்து..."

மெஹருன்னிசா பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கத்து ஜன்னல், அண்ணாச்சி?"