மறப்பதற்கு ஒரு குழு

செங்குளத்தூர் கலைக் கல்லூரியில் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

உயர்கல்வி முழுக்க டிஜிட்டல் ஆகிறது, இனி ஆய்வேடுகளைக் கல்லூரியே போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. அதில் மாட்டிக்கொண்டவர் தமிழ்த்துறை இளங்கீரன். தலை நரைக்கும்வரை எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு அவருடையது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏறாவிட்டால் பதிவே ரத்து. அவரிடம் படித்த பிள்ளைகளெல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் வெறும் இளங்கீரன்.

கல்லூரிக்கு ஒரே கடவுச்சொல், அதை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது, அடிக்கடி மாற்ற வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா அதை யார் வச்சுக்கறது?" என்று கேட்டார் முதல்வர் அறவாழி.

கணிதத்துறை ரோசலின் மேடம் வழி கண்டுபிடித்தார். "ஆளுக்கு ரெண்டு எழுத்து சார். ஒருத்தர் அடிக்கும்போது மத்தவங்க சுவரைப் பார்த்து நிக்கணும்."

முதல்வர், ரோசலின், வரலாற்றுத்துறை இப்ராகிம், இளங்கீரன் என்று வரிசையாக வந்து அடித்தார்கள். போர்ட்டல் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. இன்னொரு தடவை சுவரைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வேட்டை ஏற்ற நால்வரும் கூடி அடித்தபோது போர்ட்டல் திறக்கவில்லை.

"யாராவது எழுத்தை மாத்தினீங்களா?" என்றார் முதல்வர்.

"நான் மாத்திட்டேனே. உத்தரவுல இருக்கே சார்," என்றார் இப்ராகிம்.

"எங்க போய் மாத்தினீங்க?"

"மனசுலதான்."

ரோசலினும் மாற்றியிருந்தார். முதல்வர் தம் பதவிக்கு ஏற்றபடி இரண்டு தடவை மாற்றியிருந்தார்.

"பழைய எழுத்தையே அடிச்சா என்ன?" என்றார் இளங்கீரன் பரிதாபமாக.

"அப்புறம் நாம மாத்தவே இல்லைன்னு ஆயிடுமே," என்றார் முதல்வர்.

திரையின் அடியில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று ஒரு பொத்தான் இருந்தது. இளங்கீரன் ஆசையாகக் கையை நீட்டினார். இப்ராகிம் தடுத்துவிட்டார்.

"எப்படி சார் அமுக்கறது? பழசும் ஞாபகம் இருக்கு, புதுசும் ஞாபகம் இருக்கு. ஆராய்ச்சி பண்றவங்க பொய் சொல்லலாமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. உடனே மறப்பதற்கு ஒரு குழு அமைத்து, நால்வரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

"ஒரு சந்தேகம்," என்றார் ரோசலின். "எதை மறக்கணும்கறதே மறந்துபோச்சுன்னா?"

ஆளுக்கொரு சீட்டில் அவரவர் எழுத்தை எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அவ்வப்போது சீட்டைப் பார்த்து, அதில் இருப்பதை மறக்க முயன்றார்கள். இளங்கீரன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். எழுத்து முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மணி ஐந்து அடித்தது. இத்தனை வருட உழைப்பும் போயிற்றே என்று இளங்கீரன் விம்மி விம்மி அழுதார். கைக்குட்டை என்று நினைத்துச் சீட்டாலேயே கண்ணைத் துடைத்தார். பிறகு அதைப் பார்த்தால் வெறும் மைக்கறைதான் இருந்தது.

"ஐயா, என் எழுத்து என்னன்னே தெரியல," என்றார்.

மற்ற மூவரும் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள். முதல்வருக்குப் பெருமை தாங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுச் சொன்னார்.

"மறந்துட்டாரா?" என்று அங்கே பேசியவர் பதறினார். "அவரை உடனே அனுப்பி வைங்க சார். இங்க துணைவேந்தர் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கார், ஒண்ணும் மறக்க மாட்டேங்குது."

மறுநாள் இளங்கீரன் ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். முதலில் நன்றாக அழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். துணைவேந்தருக்கு அழக் காரணங்கள் நிறைய இருந்தன. மதியத்துக்குள் கடவுச்சொல், போர்ட்டல், தாம் போட்ட உத்தரவு எல்லாமே அவருக்கு மறந்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், எதிரே ஆய்வேட்டோடு ஒருவர் நிற்பதைப் பார்த்துப் பட்டம் வாங்க வந்தவர் என்று நினைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டு முனைவர் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

ஆய்வேடு இன்னும் ஏறவில்லை என்று சொல்ல டாக்டர் இளங்கீரன் வாயைத் திறந்தார். ஞாபகப்படுத்தினால் கொடுத்த பயிற்சி வீணாகிவிடுமே என்று மூடிக்கொண்டார்.