டோப்பாவுக்கு ஏற்ற காற்று

பூவங்குறிச்சியில் மாசானம், இசக்கி, சொரிமுத்து என்று அண்ணன் தம்பி மூன்று பேர். தனித்தனியாகச் செய்தால் காரியம் உருப்பட்டுவிடுமோ என்று பயந்தார்களோ என்னவோ, எதையும் சேர்ந்தே செய்வார்கள். தேங்காய் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார்கள்.

மூத்தவன் மாசானத்துக்கு வழுக்கைத் தலை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாவம், நல்ல மனுஷன். மூலைக்காட்டுப் பேச்சியம்மாளையாவது எப்படியும் கட்டிவிட வேண்டும் என்று, திருநெல்வேலி போய் ஒரு டோப்பா வாங்கி வந்தான். அதை ஒட்டுகிற பசைக்கு வியர்வை ஆகாது. லேசான காற்று பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. வண்டிக்குள் இருந்த ஃபேனில் ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் வேலை செய்யவில்லை. நாலில் வைத்தால் புயல். பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தபோது டோப்பா பறந்து, வண்டி ஓட்டிய இசக்கியின் மூஞ்சியில் அப்பிக்கொண்டது. வண்டி வாழைத்தோப்புக்குள் போய் நின்றது.

மெக்கானிக் செல்லையாவுக்கு போன் போட்டார்கள்.

"நாலுல ஓடுதுன்னா மோட்டார் நல்லாருக்குன்னு அர்த்தம்வே. காத்தக் குறைக்கிற ரெசிஸ்டர்தான் போயிருக்கும். மொதல்ல பேட்டரி வயரக் கழட்டும். வேலை முடியுத வரைக்கும் வயர் பேட்டரி பக்கம் போவவே கூடாது. டேஷ்போர்டு பெட்டியக் கழட்டினா உள்ள ரெண்டு ஸ்க்ரூல மாட்டியிருக்கும். ஸ்க்ரூவக் கீழ விட்டுராதேயும், கையிலயே வச்சுக்கிடும். மீட்டர் வச்சுப் பாரும். முள்ளு அசையலன்னா மாத்திரும்."

புது ரெசிஸ்டரையும் ஒரு மீட்டரையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். நேரில் வந்திருக்கலாம். இவர்களை அறிந்தவர், வரவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றியதும் சொரிமுத்துவுக்குச் சந்தேகம். "வயர் பேட்டரி பக்கம் போவக் கூடாதுன்னாரு. நாம அசந்த நேரத்துல போயிட்டுன்னா?"

"வயரு வண்டியோட கெடக்கு. பேட்டரியத்தான் தூரமாக் கொண்டுபோகணும்" என்றான் இசக்கி.

பேட்டரியை எடுத்துப்போய், அடுத்த ஊர்ச் சித்தி வீட்டு நெல் பத்தாயத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

பெட்டியைக் கழற்றி, ரெசிஸ்டரின் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்தான் இசக்கி. கைக்கு ஒன்றாகப் பிடித்து முஷ்டியை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. மத்தியானச் சோற்றை சொரிமுத்து ஊட்டிவிட்டான்.

மீட்டரில் பழைய ரெசிஸ்டருக்கு முள் அசையவில்லை. புதியதற்குத் துள்ளியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? சொரிமுத்து சீட்டில் வைத்துப் பார்த்தான், அசையவில்லை. டயரிலும் அசையவில்லை. டோப்பாவில் வைத்தான், அதிலும் அசையவில்லை.

"இதையும் மாத்தணுமோல?" என்றான் மாசானம்.

"நாளைக்கிப் பொண்ணு பாக்குற ஒரு நாளு தாங்கும்ணே" என்று தேற்றினான் தம்பி.

இசக்கியின் கையிலிருந்து ஸ்க்ரூவை வாங்க முடியாததால், புதிய ரெசிஸ்டரைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்கள். பிறகு சோதனை. ஃபேனை ஒன்றில் வைத்தான் மாசானம்.

"காத்து வருதா?"

"வரல."

"நாலுல?"

"வரல."

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு சொரிமுத்து முகம் மலர்ந்தான். "காத்தக் குறைக்கிற சாமான்னு சொன்னாருலா! என்னமாக் குறைச்சிருக்கு பாரு!"

கட்டிப்பிடித்து மகிழ்ந்தார்கள். மாசானம் அழுதேவிட்டான்.

மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. பேட்டரி இருந்ததோ மேற்கே சித்தி வீட்டில், பெண் இருந்ததோ கிழக்கே.

"பஸ்ஸுல போயிருவோமா?" என்றான் இசக்கி.

"சொந்த வண்டியில வாரோம்னு வாக்குக் குடுத்தாச்சு. தள்ளு" என்றான் மாசானம்.

வெயிலில் வண்டி தள்ளினால் வியர்க்கும். வியர்த்தால் பசை இளகும். ஆகவே டோப்பாவை வெற்றிலைத் தட்டில் பத்திரமாக வைத்து, சொரிமுத்துவிடம் கொடுத்துப் பஸ்ஸில் முன்னால் அனுப்பினார்கள்.

பெண்ணின் அப்பா வேலாண்டி வாசலுக்கே வந்து வரவேற்றார். "மாப்பிள்ள எங்க?"

"முடி வந்துட்டு மாமா. மிச்சம் வண்டியத் தள்ளிக்கிட்டு வருது" என்று தட்டை நீட்டினான் சொரிமுத்து.

வேலாண்டி குனிந்து டோப்பாவை நன்றாகப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த வீட்டையும் உங்களுக்குத் தெரியாது.

"நல்லதாப் போச்சு. பேச்சியும் கோயில்ல இருந்து இன்னும் வரல. காத்துல சிக்கு விழுந்துரும்னு சவுரிய வீட்லயே வச்சுட்டுப் போயிருக்கா" என்றவர், உள்ளே போய் இன்னொரு தட்டில் பெண்ணின் சவுரியைக் கொண்டுவந்தார்.

இரண்டு தட்டையும் எதிரெதிரே வைத்தார்கள். சொந்தபந்தம் சுற்றி நின்று பார்த்தது. நிறம் ஒத்துப்போனது, நீளத்தில் பெண் கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை என்று முகூர்த்தமே குறித்துவிட்டார்கள்.

அப்போதுதான் மாசானமும் இசக்கியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வேலாண்டி வாசலில் மறித்தார். "யாருவே நீரு?"

"மாப்பிள்ள" என்றான் மாசானம், மூச்சு வாங்க.

"மாப்பிள்ள வந்து, பேசி முடிச்சாச்சே! உள்ள தட்டுல இருக்காரு. சத்தம் போடாம ஓரமா நில்லும்."

மாசானம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். டோப்பாவுக்குச் சந்தனம் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளு எப்படிண்ணே?" என்று கேட்டான் இசக்கி.

மாசானம் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"என்னயவிட லட்சணமாத்தாம்ல இருக்காரு. பேச்சி குடுத்து வச்சவ."