சொட்டாத ஒழுக்கு

“இந்த வண்டி பொய் சொல்லுது, மேஸ்திரி” என்றார் சோலைராசு.

அமலோற்பவம் வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான்.

“என்ன பொய்யிண்ணே?”

“தினமும் ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது. கீழ ஒரு சொட்டு இல்ல. குடிச்ச தண்ணி எங்க போச்சுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“நீங்க எப்படிக் கேட்டீங்க?”

சோலைராசு தலையைச் சொறிந்தார். மேஸ்திரியின் கேள்விகள் பாதி இப்படித்தான் இருக்கும்.

வத்தலக்குண்டில் மலை ஏறும் வண்டிகளுக்கு அமலோற்பவத்தின் பட்டறை ஒரு காவல் தெய்வம் மாதிரி. அவளுக்கு நாற்பது வயது. சோலைராசு அவளைவிட நன்றாகவே மூத்தவர். பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தொழில் கற்றுக்கொடு என்று அவள் முன்னால் வந்து நின்றார். இந்த வயதில் எதற்கு என்று ஊர் கேட்டது. ஊருக்கு வேறு வேலை ஏது?

ஆனால் துடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த வண்டி வந்தாலும் முதலில் இன்ஜினைக் கழுவி, வேஸ்ட் துணியால் இண்டு இடுக்கெல்லாம் துடைத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். அவர் துடைத்த இன்ஜினில் இலை போட்டுச் சாப்பிடலாம்.

“அழுக்கோட வண்டியில கை வைக்கிறவன் மெக்கானிக்கே இல்ல” என்பார். அந்தப் பெருமை அவருக்குத் தகும்.

பொய் சொன்ன வண்டி குழந்தைவேலுடையது. பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றி இறக்கும் பழைய பிக்கப். அவன் மகன் பிறந்ததே அதில்தான். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில், மழையில், பெருமாள்மலைத் திருப்பத்தில்.

அந்த வண்டிக்குத்தான் இப்போது சோலைராசு தீர்ப்பு எழுதினார்.

“கேஸ்கட் போயிருச்சு. தண்ணி இன்ஜினுக்குள்ளயே போகுது. இன்ஜினப் பிரிக்கணும்.”

பக்கத்தில் நின்ற குழந்தைவேலின் முகம் செத்துப்போனது.

“பிரிக்கிற அளவுக்கு என்கிட்ட வசதி இல்லைங்க. பிரிக்கத்தான் வேணும்னா காயலான் கடைக்குக் குடுத்துர்றேன். நாளைக்கே கடைக்காரர வரச் சொல்லிர்றேன்.”

அமலோற்பவம் வண்டியடியிலிருந்து வெளியே வந்தாள்.

“வெள்ளப் புகை வருதாண்ணே?”

“இல்ல.”

“ஆயில்ல தண்ணி கலந்திருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படி கேஸ்கட்?”

“வெளிய எங்கயும் இல்ல. வெளிய இல்லைன்னா உள்ளதான?”

“வெளிய இல்லைன்னு யாரு சொன்னா?”

“என் கண்ணு சொல்லுது! மூணு தடவ கழுவிட்டேன். மூணு தடவ தொடச்சிட்டேன். அப்புறம் லைட்டடிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு ஈரம் கிடையாது.”

அமலோற்பவம் அவரையே பார்த்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த வேஸ்ட் துணியை உருவி, எரிகிற அடுப்பில் போட்டாள். டீ போடுகிற அடுப்பு.

சோலைராசுவுக்குச் சுருக்கென்றது. கட்டிய வேட்டியை உருவியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“மேஸ்திரி…”

அவள் ரேடியேட்டரில் இருந்த வெறும் தண்ணீரை இறக்கிவிட்டு, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்டை நிரப்பினாள். குழந்தைவேலிடம் திரும்பினாள்.

“உர மூட்டை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போ. நாளைக்குப் பூண்டோட எறங்கு. சூடு முள்ளு ஏறுச்சுன்னா நிறுத்தி, ஆறவிட்டு, ஊத்திக்க. அண்ணனும் கூட வருவாரு.”

“நான் போய் என்ன செய்யணும்?” என்றார் சோலைராசு.

“ஒண்ணும் செய்யக் கூடாது.”

“வழியில பானெட்டத் தொறந்தா தூசி…”

“இருக்கட்டும்.”

“பூம்பாறை ரோட்டுல இப்ப வேலை நடக்குது மேஸ்திரி. செம்மண்ணு அப்பிரும்.”

“அப்பட்டும்ணே.”

வண்டி மலை ஏறியது. வழியில் இரண்டு தடவை முள் ஏறியது. இரண்டு தடவையும் குழந்தைவேல் இறங்கி, காத்திருந்து ஊற்றினான். சோலைராசு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

“கையில அடிபட்டிருச்சாண்ணே?” என்று கேட்டான் குழந்தைவேல்.

“ஓட்டுடா பேசாம.”

மறுநாள் மத்தியானம் வண்டி பட்டறைக்குள் வந்தபோது, அதன் பழைய நிறம் என்னவென்று சொல்ல முடியாதபடி செம்மண் பூசியிருந்தது. வாசலில் காயலான் கடைக்காரர் ஆட்களோடு நின்றார். இழுத்துப்போகக் கயிறும் கொண்டுவந்திருந்தார். வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கு இவ்வளவு யோசனையா?” என்றார்.

குழந்தைவேல் வண்டிக்கு வெளியே நின்று அதன் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தொறங்கண்ணே” என்றாள் அமலோற்பவம்.

சோலைராசு பானெட்டைத் தூக்கினார். உள்ளே இருந்த கோலத்தைக் கண்டு அவருக்கு உடம்பே கூசியது. ஊர் பார்க்க, தன் கையில் இருக்கும் வண்டி இப்படியா! கை தானாகத் தோளுக்குப் போயிற்று. தோளில் ஒன்றும் இல்லை.

வேறு வழியில்லாமல் பார்த்தார்.

இன்ஜின் முழுக்கக் காய்ந்த செம்மண். அந்தச் செம்மண்ணில் ஒரே ஒரு பச்சைக் கோடு.

சைலன்சர் குழாயின் மேலே பச்சை கருகி, பொருக்குத் தட்டியிருந்தது. அங்கிருந்து விரலை, எதையும் தொடாமல், மேலே கொண்டுபோனார். கோடும் மேலே போயிற்று. இன்ஜினுக்குப் பின்னால், ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் சின்ன ரப்பர் குழாயில் போய் முடிந்தது. கிளிப்புக்கு அடியில் முடி அளவு வெடிப்பு.

குழாயை லேசாக அமுக்கினார்.

ஒரு சொட்டு வந்தது. தரைக்கு வரவில்லை. சூடான சைலன்சர் குழாயில் விழுந்து, சுர்ரென்று ஆவியாகிப் போனது.

சோலைராசு யாரையும் கேட்காமல் இன்ஜினை ஆறவிட்டார். தன் கையாலேயே குழாயைக் கழற்றி, புதிதை மாட்டி, கிளிப்பை முறுக்கினார். வண்டியைக் கிளப்பி, முள் நடுவில் வந்து நிற்கும்வரை ஓடவிட்டார். சாய்ந்திரம்வரை ஓடவிட்டார். முள் அசையவில்லை. தண்ணீரும் குறையவில்லை.

காயலான் கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார்.

குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமலோற்பவத்திடம் வந்தான்.

“ஒழுக்கு எங்க இருந்துச்சு, மேஸ்திரி?”

“அவரக் கேளு” என்றாள்.

பட்டறை முழுக்க சோலைராசுவைத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரரும் வாசலில் நின்று திரும்பினார். மலை ரோட்டின் மேல் பழி போட்டிருக்கலாம். ரப்பரின் வயதைச் சொல்லியிருக்கலாம். எவனும் மறுத்திருக்க மாட்டான்.

சோலைராசு, செம்மண்ணும் பச்சையும் அப்பிய சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தினார். டிப்போவில் இருபது பஸ்களைப் பளபளவென்று வரிசையில் நிறுத்திவிட்டு நிற்பாரே, அந்த நிமிர்வு.

“நான் தொடச்ச எடத்துல” என்றார்.