நான்தான் எழுதியவன்

அறுபத்திரண்டு வயதில் முதல் நாவலை எழுதியவர் சபாரத்தினம். அதற்கு முன் மின்வாரியத்தில் காலம் தள்ளியவர். எழுத்தில் அவருக்குக் குரு அங்கையற்கண்ணி. வயதில் இருபது வருடம் சின்னவர், பத்து நாவல் எழுதியவர், பேச்சில் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

புத்தகத் திருவிழாவுக்குக் காலையிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். சபாரத்தினம் புதுச் சட்டை போட்டிருந்தார். பையில் கையெழுத்துப் போடப் புதுப் பேனா. தன் நாவலை ஒரே ஒருவர் படிப்பதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும், மனுஷனின் ஆசை அவ்வளவுதான்.

யாராவது அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பார்.

"வணக்கம். நான்தான் இதை எழுதியவன்."

எடுத்தவர் பாவம், என்னதான் செய்வார்? அசட்டுச் சிரிப்பு சிரித்து, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி, புத்தகத்தை வைத்துவிட்டு அடுத்த அரங்குக்கு நழுவிவிடுவார். மதியத்துக்குள் ஏழு பேர் இப்படி நழுவினார்கள். எட்டாவது ஆள் நின்றார். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சபாரத்தினத்துக்கு மனசு விட்டுப்போயிற்று.

"வாசகர் எப்படித்தான் மேடம் கிடைப்பாங்க?"

அங்கையற்கண்ணி எழுந்துபோய் மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம் இரண்டு வாங்கி வந்தார். அரங்குக்கு எதிரே இருந்த பெஞ்சில் சீடரை உட்காரவைத்து ஒன்றைக் கையில் கொடுத்தார். தாம்பாளம் அகலத்துக்கு இருந்த அப்பளத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

பாதி தின்பதற்குள் ஒரு பெண் வந்தாள். சபாரத்தினத்தின் நாவலை எடுத்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள், அடுத்ததையும் புரட்டினாள். இடித்துக்கொண்டு போனவர்களுக்கு வழிவிட்டு, அலமாரி ஓரமாக ஒதுங்கி நின்று மேலே படித்தாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சபாரத்தினத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பளமும் கையுமாக எழுந்துவிட்டார். குரு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ஒரே நிமிஷம் மேடம். நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அங்கையற்கண்ணி தன் அப்பளத்தை ஒரு கடி கடித்தார்.

"அவங்க இப்ப எழுதினவரோடதான் பேசிக்கிட்டிருக்காங்க சார். குறுக்கே போகாதீங்க."