கோரைக்குள் நுழைந்த காவலர்

நாணற்குளத்தை ஆண்டுவந்த கிழட்டு முதலை ஒரு கோடையில் செத்துப்போனது. மறுநாளே குளத்துப் பிராணிகள் எல்லாம் கரையில் கூடின.

"இனிமேல் நமக்கு ராஜாவே வேண்டாம்! குடியாட்சிதான்!" என்று தவளைகள் தொண்டை கிழியக் கத்தின.

ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. பறவைகள் நாரையையும், தவளைகள் கொட்டான் என்ற பெருந்தவளையையும், முயல்கள் ஒரு கொழுத்த முயலையும், பொந்துவாசிகள் உடும்பையும், நீருக்குள் வாழ்பவர்கள் ஆமையையும் அனுப்பினார்கள். இந்த ஐவரும் கூடிப் பேசிக் குளத்துக்கு ஒரு காவலரை நியமிப்பார்கள் என்று ஏற்பாடு. நரியும் காட்டுப்பூனையும் அண்டாமல் பார்த்துக்கொள்வது காவலரின் வேலை.

அல்லி என்ற கானாங்கோழி நாரைக்குத்தான் ஓட்டுப் போட்டாள். உயரமானவர், ஆபத்து வந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும் என்று நம்பினாள்.

ஐவரும் ஒரு புதருக்குள் போய்ப் பேசினார்கள். வெளியே வந்தபோது, "காட்டுப்பன்றியார்தான் காவலர்!" என்று அறிவித்தார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஆரவாரம் செய்துவிட்டுக் கலைந்தார்கள்.

அந்த மாதம் அல்லி கோரைப் புல்லுக்குள் கூடு கட்டி ஆறு முட்டை இட்டாள். வெயிலிலும் மழையிலும் எழுந்திருக்காமல் அடைகாத்தாள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சு பொரித்துவிடும். ஒரு காலையில் இரண்டு புழு பொறுக்கித் தின்னப் போனவள் திரும்பி வந்தபோது, கோரைக்காடு உழுத வயல் மாதிரிக் கிடந்தது. நடுவில் காட்டுப்பன்றி நின்று கோரைக்கிழங்கை மென்றுகொண்டிருந்தது. அதன் குளம்பில் முட்டை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அல்லியின் அலறல் எதிர்க்கரை வரைக்கும் கேட்டது.

"ஐயோ! என் பிள்ளைகள்! காவலரே, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!"

"காவல் காக்கிற உடம்புக்குத் தீனி வேண்டாமா? இதற்கு ஏன் இந்தக் கூச்சல்?"

"எங்களைக் காப்பாற்றத்தானே உங்களை வைத்தோம்!"

"நீயா வைத்தாய்?" பன்றி சிரித்தது. "என்னை வைத்தது ஐவர். அவர்கள் கேட்டால் பதில் சொல்வேன். நீ யார் கேட்பதற்கு?"

அல்லி அங்கிருந்து நேராக நாரையிடம் பறந்தாள். நாரை மருதமரத்து உச்சியில் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதன் கூட்டுக்கு எந்தப் பன்றியும் ஏற முடியாது.

"நாரையாரே! பன்றி என் ஆறு முட்டையையும் மிதித்துவிட்டது. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்!"

"கேட்பதா? அதெப்படி?" என்றது நாரை. "நீ என்னைத் தேர்ந்தெடுத்தாய். நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே அவரைத் தேர்ந்தெடுத்தது நீதான்! குடியாட்சி என்றால் அதுதானம்மா. உன் ஆளைப் பற்றி என்னிடம் வந்து புகார் சொல்கிறாயே!"

அல்லியின் உடம்பெல்லாம் எரிந்தது. தன் பிள்ளைகளை மிதிக்கத் தானே ஆள் அனுப்பியதாக அல்லவா சொல்கிறார்! வாங்கிக்கொண்டு போன ஓட்டை இவள் தலையிலேயே திருப்பி அடிக்கிறாரே!

"உங்களைத் தேர்ந்தெடுத்தது எனக்காகப் பேசுவதற்கு. என் வாயை அடைப்பதற்கு இல்லை!" என்று கத்திவிட்டு இறங்கினாள்.

தவளைகளிடம் போனாள். அவர்களுடைய சேற்றுக்குழியும் நாசமாகியிருந்தது. முயல்களிடம் போனாள். அவர்களுடைய புல் வேரோடு போயிருந்தது. எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால், "ஐவர் பார்த்துச் செய்ததை நாம் என்ன செய்வது?" என்று முனகினார்கள்.

அல்லி கரையோரம் உட்கார்ந்து அழுதாள். அப்போது தண்ணீரிலிருந்து ஆமை தலையை நீட்டியது.

"அல்லி, நான் அன்றைக்கே பன்றி வேண்டாம் என்றேன். மற்ற நால்வரும் கேட்கவில்லை."

"பிறகு ஏன் வெளியே வந்து சொல்லவில்லை?"

"புதருக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள்."

"யார் வீட்டு ரகசியம் அது? எங்கள் குளத்தைப் பற்றித்தானே பேசினீர்கள்? எங்களுக்குத் தெரியக்கூடாதா?" அல்லி இறக்கையை அடித்துக்கொண்டு எழுந்தாள். "என் முட்டைகள் போய்விட்டன. உங்கள் சத்தியம் மட்டும் உடையாமல் இருக்க வேண்டுமா?"

ஆமை மெல்லக் கரையேறியது.

அன்று நண்பகலில் எல்லாரும் கூடினார்கள். ஆமை நடந்ததைச் சொன்னது. பன்றி மண்ணைக் கிளறினால் புழு கிடைக்கும் என்று நாரை இறக்கையைத் தூக்கியதாம். கிழங்கில் பங்கு தருவதாகப் பன்றி சொல்லியனுப்பியதும் முயல் தலையை ஆட்டியதாம். தன் பொந்தைப் பன்றி தொடாது என்று வாக்குக் கிடைத்ததும் உடும்பு சம்மதித்ததாம். கொட்டான் தூங்கிப்போய், எழுந்ததும் "சரி" என்றானாம்.

கூட்டம் கொதித்தது.

"ஐவரே வேண்டாம்! இனி நாமே நேராகத் தேர்ந்தெடுப்போம்!" என்று ஒரு காடை கத்தியது.

"அப்படியும் செய்யலாம்," என்றாள் அல்லி. "ஆனால் நாமே தேர்ந்தெடுத்தவன் மறுநாள் 'நீ யார் கேட்பதற்கு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வாய்? ஐவர் தேர்ந்தெடுக்கட்டும், ஐந்நூறு பேர் தேர்ந்தெடுக்கட்டும். நாம் கேட்டால் பதில் வரவேண்டும். வராவிட்டால் அனுப்பியவர்களே திருப்பிக் கூப்பிட வேண்டும். நாரையாரே, நான் போட்ட ஓட்டைத் திரும்பக் கேட்கிறேன்!"

"நானும்!" என்றது மீன்கொத்தி. "நானும்! நானும்!" என்று பறவைகள் எல்லாம் எழுந்தன. தவளைகள் கொட்டானைச் சூழ்ந்துகொண்டன. முயல்களும் பொந்துவாசிகளும் தங்கள் ஆளை இறங்கச் சொன்னார்கள். ஆமை மட்டும், வாயை மூடியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டபிறகு, இருக்கவிடப்பட்டது.

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரும் ஆமையும் புதருக்குள் போகவில்லை. எல்லார் கண்முன்னும் நின்று, காவல் வேலைக்கு வந்த ஒரு காட்டெருமையைக் கேட்டார்கள்:

"கோரைக்குள் கால் வைப்பாயா?"

"மாட்டேன்."

"எங்களில் யார் வந்து கேட்டாலும் பதில் சொல்வாயா?"

"சொல்வேன்."

எருமையைக் காவலராக்கியதும் பன்றி உறுமிக்கொண்டு வந்தது. எருமையின் கொம்பைப் பார்த்தது. இத்தனை நாள் தன் பக்கம் நின்ற நால்வரையும் தேடியது. அவர்கள் தலை குனிந்து நின்றார்கள். பன்றி கரையைத் தாண்டிப் போய்விட்டது.

அல்லிக்குக் கோபம் தீரவில்லை. போன ஆறும் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் அன்று மாலையே அலகில் ஒரு கோரைத் தாளைக் கவ்விக்கொண்டு மறுபடி கூடு கட்டத் தொடங்கினாள்.

அதிகாரம் எத்தனை கை மாறிப் போனாலும், கொடுத்தவர்கள் கேட்கும்போது பதில் சொல்லாத அதிகாரம் குடியாட்சி ஆகாது.