ராஜா தலைக்கு மேலே ஒரு தும்பி

செம்பியன்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், பெட்ரோலும் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ராஜா பெயர் முத்துக்கேசரி. தங்கமான மனுஷர். ஆனால் பாட்டன் காலத்துச் சட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதார். ராஜாவின் தலைக்கு மேலே எவன் காலும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் காலை எடுத்துவிடுவார்கள். அரண்மனைத் தோப்பில் தேங்காய் பறிக்கிற நாளில், மரமேறிகள் இறங்குகிற வரைக்கும் ராஜா கோட்டைக் கொத்தளத்து உச்சியில் போய் உட்கார்ந்திருப்பார். நூற்றுப் பதினெட்டுப் படி. முழங்கால் விண்விண் என்று வலிக்கும். சட்டமாயிற்றே, என்ன செய்வது!

அந்தச் சபையில் சாத்தையா என்று ஒரு மந்திரி. வேவு பார்க்கக் குட்டி ஹெலிகாப்டர் ஒன்று வேண்டும் என்று ராஜாவை நச்சரித்துத் தலையாட்ட வைத்தது அவர்தான். மூன்று வருஷம் பாடுபட்டு அதைச் செய்தவள் அங்கயற்கண்ணி. ஓட்டப்போகிறவளும் அவளே. தும்பி என்று பெயர் வைத்திருந்தாள்.

தளபதி ரணசூரருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. அதுவரைக்கும் வேவு சொல்வது அவர் ஒருத்தர்தானே! யோசனை சொல்கிறேன் பேர்வழி என்று பட்டறைக்கு வந்தார். பீரங்கி வை என்றார், வைத்தாள். இரும்புத் தகடு அடி என்றார், அடித்தாள். ராஜமுரசு ஒன்றும் கட்டு என்றார்.

சாத்தையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் ஐயா, வேவு பார்க்கப் போகிறவள் முரசு கொட்டிக்கொண்டா போவாள்?"

முரசும் ஏறியது. தும்பி ஊர்ப் புழுதியை எல்லாம் கிளப்பியதே தவிர, தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

"கழற்று அம்மா எல்லாவற்றையும்!" என்றார் சாத்தையா. ஒரு எஞ்சின், ஒரு வால், கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு இருக்கை. அவ்வளவுதான் மிச்சம். மறுநாள் இடுப்பளவு எழும்பி, அந்தரத்தில் அசையாமல் நின்றது. அங்கயற்கண்ணி அழுதேவிட்டாள்.

அதே வாரம் தளபதி சபைக்கு ஓடிவந்தார். "மகாராஜா! பருந்துக்குன்றுக்கு அந்தப் பக்கம் பகைவர் பதினாயிரம் பேர்! என் கண்ணால் பார்த்தேன்!"

வெள்ளிக்கிழமை படை புறப்பட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. முதல் வரிசையில் சாத்தையாவின் மகன் தென்னவன். கல்யாணமாகி இருபது நாள். பதினாயிரம் பேர் என்ற பேச்சைச் சாத்தையா துளியும் நம்பவில்லை. தும்பி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டால் போதும்.

வியாழக்கிழமை காலை. முற்றத்தில் சபை கூடியிருந்தது. தும்பி தயாராக நின்றது. அங்கயற்கண்ணி ஏறப்போனாள்.

"நிறுத்து!" என்றார் தளபதி. "மகாராஜா, இவள் பறந்தால் இவள் கால் எங்கே இருக்கும்? தங்கள் தலைக்கு மேலே!"

ராஜாவின் முகம் மாறிவிட்டது. "அட ஆமாம்! சாத்தையா, இது எனக்குத் தோன்றவே இல்லையே. என்னாலும் அவ்வளவு உயரம் ஏற முடியாது. சட்டம் சட்டம்தான்."

தளபதி மீசையைத் தடவிக்கொண்டார். சாத்தையாவுக்கு மகன் முகம் கண்முன்னால் வந்து நின்றது. ஆனால் வெளியே பணிவாகச் சிரித்தார்.

"உத்தரவு மகாராஜா. தும்பி பறக்க வேண்டாம். தளபதியிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேள்."

"தளபதியாரே, பகைவரை எங்கே இருந்து பார்த்தீர்கள்?"

"பருந்துக்குன்றில் இருந்து!"

"அடிவாரத்திலா?"

"அடிவாரத்தில் நின்றால் என்ன ஐயா தெரியும்? உச்சியில்!"

"அப்பாடி! எவ்வளவு நேரம்?"

"மூன்று நாள்! இராப்பகலாக!"

"உட்கார்ந்தா?"

"நின்றுகொண்டு!"

"கல்லும் முள்ளுமாயிற்றே. செருப்பு போட்டிருந்தீர்களா?"

"இரும்பு லாடம் அடித்த செருப்பு!" என்று காலைத் தூக்கியே காட்டினார் தளபதி.

சாத்தையா மதிலுக்கு அப்பால் கையை நீட்டினார். "மகாராஜா, அதோ பருந்துக்குன்று. நம் கொத்தளத்தைவிட மூன்று மடங்கு உயரம். தாங்கள் சிம்மாசனத்தில் இருந்தாலும் சரி, கொத்தளத்தில் இருந்தாலும் சரி, மூன்று நாளாக அந்த லாடச் செருப்பு எங்கே இருந்திருக்கிறது என்று தாங்களே பாருங்கள்."

ராஜா தன் தலையை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு தளபதியின் காலைப் பார்த்தார்.

தளபதி தடால் என்று விழுந்தார். "ஏறவில்லை மகாராஜா! சத்தியமாக ஏறவே இல்லை! மூன்று நாளும் அடிவாரத்து மாமரத்தடியில் படுத்திருந்தேன்!"

"அப்படியானால் பதினாயிரம் பேர்?"

"சத்தம் கேட்டது மகாராஜா… பதினாயிரம் பேர் போடுகிற சத்தம்…"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்று ஒரு நாள் சட்டம் தூங்கட்டும். அம்மா, தும்பியைக் கிளப்பு. பக்கத்து இருக்கையில் இந்த மனுஷனைக் கட்டிப்போட்டுக் கொண்டு போ!"

தும்பி விர்ரென்று எழும்பிக் குன்றைத் தாண்டியது. அரை மணியில் திரும்பி வந்தது. தளபதி இறங்கியதும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன பார்த்தாய் அம்மா?" என்றார் ராஜா.

"தளபதி எண்ணிக்கை சரிதான் மகாராஜா. பதினாயிரம் இருக்கும்," என்றாள் அங்கயற்கண்ணி. "எல்லாம் வாத்து. அறுத்த வயலில் மேய்கிறது. கூட மேய்க்கிறவர்கள் மூன்று பேர்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. "சாத்தையா, என்ன வேண்டும், கேள்!"

"என் மகன் இன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பிட வேண்டும் மகாராஜா."

"எல்லார் மகனும் சாப்பிடட்டும். படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புங்கள்!"

சபை கலைந்தது. ராஜா மட்டும் தும்பியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அங்கயற்கண்ணியிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்:

"ஏன் அம்மா, நாளைக்குத் தோப்பில் தேங்காய் பறிக்கிறார்கள். பறித்து முடிக்கிற வரைக்கும் என்னை இதில் மேலே வைத்திருக்க முடியுமா?"