சொல்லிக்கொண்டு போதல்

மலையடிவாரத்தில் இருந்த வேதமுத்து சாமிக்குச் சீடர்கள் குறைவு. அவர்களில் மரகதம் அவரைவிட வயதில் மூத்தவள். டவுனில் ஒரு வீட்டில், நினைவு தப்பிப்போன பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வாரம் ஒருநாள் வருவாள், சாமி பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவாள்.

அன்றைக்கு வந்தவள் உட்காரவில்லை.

"சாமி, வேலையை விடுறேன். மகளுக்குப் பிரசவம் நெருங்கிடுச்சு. அவகூடவே திருப்பூர்ல இருந்துடலாம்னு."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"பெரியவரோட மகன்கிட்ட சொல்லிட்டேன். ஒரு மாச நோட்டீஸ். சரின்னுட்டார். பெரியவர்கிட்டயும் சொன்னேன். அதுதான் தப்பாப்போச்சு."

"என்ன ஆச்சு?"

"கையைப் புடிச்சிக்கிட்டு அழுதார். சாயங்காலம் மறந்துட்டார். மறுநாள் சொன்னேன். புதுசாக் கேக்குற மாதிரி மறுபடி அழுதார். தினம் அழவைக்கிறதும் பாவம், சொல்லாம ஓடிப்போறதும் பாவம். எனக்குப் பதிலா வந்திருக்கிற சகாயமேரியைக் கிட்ட விடமாட்டேங்குறார். நேத்து தட்டைத் தூக்கி அவ மேல எறிஞ்சிட்டார். நான் போனபிறகு சாப்பிடாமலே கிடந்துட்டார்னா? இங்கயே இருந்து, அங்க என் பிள்ளைக்கு வலி எடுத்துட்டா?"

சாமி உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் புலம்பிக்கொண்டே வாங்கினாள். புலம்பலுக்கு நடுவே குடித்தாள்.

"என்ன குடிச்சீங்க?"

மரகதம் டம்ளருக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மோர் இருந்தது.

"நீட்டினதை நீங்க பாக்கலை. கை வாங்கிடுச்சு," என்றார் சாமி. "அவருக்குக் காதுல சொன்னது போதும்மா. இனிக் கையில சொல்லுங்க."

மறுநாள் காலை மரகதம் இட்லியைப் பிட்டு சகாயமேரியின் கையில் வைத்தாள். அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். பெரியவர் முறைத்தார். மேரி கையைப் பின்னுக்கு இழுத்தாள். மரகதம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துப் பெரியவர் வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படித்தான். வேட்டி கட்டும்போது இரண்டு பேர். முகம் துடைக்கும்போது இரண்டு பேர். ஒருநாள் மரகதம் கொஞ்சம் சீக்கிரமாகக் கையை எடுத்துவிட்டாள். "திருடி! திருடி!" என்று பெரியவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மகள் தினமும் போன் செய்து, "எப்பம்மா வர்ற?" என்றாள்.

மெல்ல மெல்ல ஒரு விரல் மட்டும் தொட்டால் போதும் என்றானது. பிறகு அவள் பக்கத்தில் நின்றாலே போதும் என்றானது.

கடைசி நாள் மதியம் மேரி ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். பெரியவர் வாய் திறந்து திறந்து வாங்கினார். மரகதம் பையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"ஐயா, போயிட்டு வரேன்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேரியிடம் திரும்பினார்.

"யாரோ வந்திருக்காங்க. என்னன்னு கேளு."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டியவள் மலையடிவாரத்துக்கு வந்தாள்.

"சாப்பிட்டார் சாமி. நல்லாவே சாப்பிட்டார்."

"நல்லது."

"நிமித்தி உக்காரவெச்சு ஊட்டலைன்னா அவருக்குப் புரையேறும். மேரிகிட்ட சொல்லியிருக்கேன். அவளுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இன்னிக்கு எப்படி ஊட்டினா?"

"நிமித்தி உக்காரவெச்சுதான் ஊட்டினா."

"அப்புறம் என்ன?"

"தெரியலை சாமி. மகள் போன் பண்ணிக்கிட்டே இருக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. கால் நகரமாட்டேங்குது."

சாமி அவளுடைய பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார்.

"போறேன்னு அவர்கிட்ட ஒரு மாசமாச் சொன்னீங்க," என்றார். "உங்ககிட்ட எப்பம்மா சொன்னீங்க?"